உழவாரமும் காடும்

இராசபாளையத்துக் கல்லூரி மாணவர் ஒருவர், தாணிப்பாறை வழியே சதுரகிரிக்குச் சென்று மீண்டபின் எம்மை வினவினார்: “ஓடைக்கரையில் பிளாஸ்டிக் பைகள் கிடக்கக் கண்டேன். அடியார் கூட்டமே காட்டுக்குத் தீங்காயின், மலையேறுதல் வழிபாடாகுமோ?”

நல்ல வினா. நம் இறைவன் அட்டமூர்த்தி. நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் அவன் திருமேனியே. சுந்தர மகாலிங்கத்தை வணங்கிவிட்டு மலைநீரை மாசுபடுத்துவோர், ஒரு திருமேனியைப் போற்றி மற்றொன்றை இகழ்ந்தவராவர்.

அம்மலைக்காடு, சாம்பல் நிற அணிலைக் காக்கும்பொருட்டு 1988இல் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயத்துள் அடங்கியது. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. காடு மழையை உள்வாங்கிச் சிறுகச் சிறுக விடுவதாலன்றோ அடிவாரத்துக் கண்மாய்களும் கிணறுகளும் ஊறுகின்றன!

திருக்கோயில்தோறும் புல் செதுக்கிய அப்பரடிகளின் உழவாரப் படையை நினைவு கூர்வோம். மலையேறுதலைக் கைவிட வேண்டுவதில்லை. கொண்டு சென்றதை மீளக் கொணர்தல் வேண்டும். அடுத்த அமாவாசைக்கு அம்மாணவர் சாக்குப்பையுடன் சென்றார். பிறர் எறிந்தவற்றையும் சுமந்து இறங்கினார். அச்சாக்குப்பையே இக்காலத்து உழவாரம் என்போம்.

திருச்சிற்றம்பலம்.