பழைய காரும் அடைமழையும்

வளைகுடாவில் உழைத்த பணத்தில் பழைய கார் வாங்கிய குடும்பங்கள் லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் பல உண்டு. ஐப்பசி பிறந்ததும் அவ்வண்டியைச் சற்றுக் கவனியுங்கள். குளிர்நாடுகளின் பனிக்கட்டித் தொல்லை நமக்கில்லை. நமக்கு வாய்த்தவை மழையும் மார்கழி மூடுபனியும் அரியலூர்ச் சாலைகளின் சுண்ணாம்புத் தூசியுமே.

1979இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கிய ஊர் அது. சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்தும் மண், முதல் மழையிலேயே வழுக்குச் சேறாகிவிடும். தேய்ந்த டயர் அதில் நிற்காது. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அது ஓடத் தகுதியற்றது. கண்ணாடித் தூசியை உலர்ந்த வைப்பரால் துடைக்காதீர்கள், கீறல் விழும். இரவில் எதிர்வண்டியின் ஒளி அக்கீறல்களில் சிதறிப் பாதையை மறைக்கும். சுப்ஹுக்குப் பின் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் ஏறுவோர், மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரிய விடுங்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளைகள் ஏறும் வண்டியில் இதற்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனமா என்ன?

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல பின்னர் கைமாறின. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையும் இருக்கைக்கு அடியிலுள்ள துருவும் உண்மையைச் சொல்லிவிடும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விற்பவர்கள் அதை மறக்கலாகாது. விற்றபின் 29, 30ஆம் படிவங்களில் கையொப்பமிட்டு ஆர்.சி.யையும் உடனே மாற்றித் தாருங்கள். இல்லையேல் விபத்து வழக்கு உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.