காய்ச்சலோடு வரும் கருப்புப் பொருக்கு

பயிர் நோயைப் பற்றியே பேசிப் பழகியவன் நான். இன்று மனுஷ நோயைப் பற்றி நாலு வார்த்தை. ஜவ்வாது மலைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் நர்சிங் மாணவிகளும் நம் நிகழ்ச்சியைக் கேட்கிறார்களாம். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சாமையில் நடுக்குருத்து காய்ந்து நின்றால் என்ன செய்வோம்? மருந்துக் கடைக்கு ஓடுமுன் குருத்தை இழுத்துப் பார்ப்போம். கையோடு வந்து, அடி அழுகியிருந்தால் குருத்து ஈயின் வேலை. காய்ந்த குருத்து வெறும் அடையாளம். காரணம் உள்ளே இருக்கிற புழு. காய்ச்சலும் அப்படித்தான். மலேரியாவா, டெங்குவா, டைபாய்டா என்று உடம்புச் சூடு மட்டும் சொல்லாது.

மழைக்குப் பிறகு புல்லும் புதரும் மண்டுகிற மாதங்களில் இன்னொன்றையும் நினைக்கணும். அதுதான் உண்ணிக் காய்ச்சல். மாட்டு உண்ணி என்று எண்ணிவிடாதீர்கள்; நானே பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெண்டைச் செடியில் சிவப்புச் சிலந்தி பார்க்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பொடிப் பூச்சி. அதன் இளம்பருவம் மட்டும்தான் கடிக்கும். வளர்ந்தது மண்ணிலேயே கிடக்கும். எலி நடமாடும் புதர்ப் பக்கம் இது அதிகம். கடிக்கும்போது ஓரியன்ஷியா என்கிற கிருமி உடம்பில் ஏறுகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

கடித்தது தெரியாது. 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு இருமல், நெறி கட்டுதல். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி சொல்லமாட்டார், நாம்தான் தேடணும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். எல்லாருக்கும் பொருக்கு இருக்காது. இல்லையென்பதால் இந்த நோய் இல்லை என்றும் ஆகாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு எட்டு நாள் காய்ச்சல். கடையில் வாங்கிய மாத்திரையிலேயே ஓட்டினார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடம்பு துடைத்துவிட்ட பயிற்சி மாணவி, அரைஞாண் கயிற்றுக்கு அடியில் பொருக்கைப் பார்த்து டாக்டரிடம் சொன்னாள். மருந்து மாறியது. இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. கூச்சப்பட்டு அந்தக் கயிற்றை அவள் விலக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

டாக்சிசைக்ளின் விலை குறைந்த மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். பென்சிலின் வகை இதற்குப் பலிக்காது. முதல் வாரத்தில் எலைசா ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும்; அதனால்தான் கண்ணால் பார்ப்பதற்கு இவ்வளவு மதிப்பு. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்து. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு ஊசியாகக் கொடுத்தது, தனித்தனியாகக் கொடுத்ததைவிடப் பலன் தந்தது.

விறகு பொறுக்கவோ ஆடு மேய்க்கவோ போனவர்கள் வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். போட்டிருந்த துணியை வெந்நீரில் அலசுங்கள். களைப்பாக இருக்கிறதென்று புல்லில் படுக்க வேண்டாம். துவைத்த துணியைப் புதர்மேல் விரிக்கிறோமே, அதை விட்டுவிட்டு வாசலில் ஒரு கொடி கட்டிவிடுங்கள்.