வெயிலைத் தடுக்கும் சுவர், வெளிச்சம் தரும் சன்னல்

இரவு எட்டு மணி. சூரியன் மறைந்துவிட்டது. மேற்குப் பக்கம் அமைந்த ஒரு படுக்கையறைக்குள் சென்று, வெளிப்புறச் சுவரின் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் போன பின்பும் சுவர் கதகதப்பாகவே இருக்கும். மின்விசிறியைச் சுழலவிட்டாலும் வெப்பக் காற்றுதான் வீசும். வசதி உள்ளவர்கள் குளிரூட்டியை முடுக்குகிறார்கள். மாத இறுதியில் மின்கட்டண ரசீதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் வியர்வையில் புரண்டு உறங்குகிறார்கள். இந்த இரண்டு துன்பங்களுக்கும் ஒரே காரணம் உண்டு. அந்த வீட்டின் வரைபடம் வரையப்பட்ட நாளில், சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கூரை, சுவர், சன்னல், கதவு ஆகியவை சேர்ந்து ஒரு கட்டடத்தின் உட்பகுதியை வெளியுலகிலிருந்து பிரிக்கின்றன. இவற்றை ஒருங்கே கட்டடத்தின் புறவுறை என்கிறோம். மனிதனுக்கு ஆடை எப்படியோ, கட்டடத்துக்குப் புறவுறை அப்படி. ஆனால், எல்லா ஊருக்கும் ஒரே ஆடை பொருந்தாது. குளிர்நாட்டுக் கட்டடத்துக்குக் கம்பளி வேண்டும். நம் நாட்டுக் கட்டடத்துக்கு முதலில் வேண்டியது குடை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, வெப்பம் எவ்வாறு உள்ளே நுழைகிறது என்பதை அறிய வேண்டும்.

வெப்பம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, சுவர், கூரை, கண்ணாடி ஆகியவற்றின் ஊடே கடத்தப்பட்டு வருகிறது. இரண்டாவது, சூரியக் கதிர்வீச்சாகக் கண்ணாடியை ஊடுருவி நேரடியாக நுழைகிறது. மூன்றாவது, கதவு சன்னல்களின் இடுக்குகள் வழியாக ஈரமான வெப்பக் காற்றுடன் புகுகிறது. குளிரூட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றில் இருந்த ஈரம்தான். அந்த ஈரத்தை நீராக்கவும் மின்சாரம் செலவாகிறது. ஆகவே, குளிரூட்டப்பட்ட அறையில் இடுக்குகளை அடைப்பது மிகவும் முக்கியம்.

இம்மூன்றில் நமக்குப் பெரிய சிக்கல் எது? ஒரு சிறிய கணக்கு விடை சொல்லும். வெளியே 32 டிகிரி செல்சியஸ், அறைக்குள் 24 டிகிரி செல்சியஸ் என வைத்துக்கொள்வோம். வேறுபாடு 8 டிகிரி. சாதாரண ஒற்றைக் கண்ணாடியில் 1 சதுர மீட்டருக்கு, 1 டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 6 வாட் வெப்பம் கடத்தப்படும். அதாவது, மொத்தம் 48 வாட். இப்போது அதே கண்ணாடி மேற்கு நோக்கி இருக்கட்டும். மேகமற்ற மாலை நேரத்தில் அதன்மீது 1 சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுந்தால், அதில் ஏறத்தாழ 400 வாட் உள்ளே நுழைந்துவிடும். கடத்தலால் வருவதைப் போல இது எட்டு மடங்கு! சன்னல் 3 சதுர மீட்டர் அளவுடையது என்றால், 1,200 வாட் இஸ்திரிப்பெட்டி ஒன்றை அறைக்குள் சூடேற்றி வைத்ததற்கு ஒப்பாகும்.

குளிர்நாட்டில் நிலைமை வேறு. வெளியே உறைபனி, உள்ளே 20 டிகிரி என்றிருக்கும்போது, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காப்பதே அங்குள்ள முதல் வேலை. சன்னல் வழியாக வரும் வெயில் அங்கு வரவேற்கப்படும் விருந்தாளி. அங்குப் பொருந்தும் கண்ணாடிக் கட்டடத்தை அப்படியே இங்குக் கொண்டுவந்து நட்டால், அழைக்காத விருந்தாளியை நாள் முழுவதும் குளிரூட்டிதான் வெளியேற்ற வேண்டியிருக்கும்.

வெயிலை எங்கே தடுப்பது? கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே சிறந்தது. உள்ளே தொங்கும் திரைச்சீலை கூச்சத்தைக் குறைக்கும். ஆனால், அதன்மீது விழும் வெயில் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. திரை சூடேறி அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை அறைக்கே தரும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். கம்பத்து வீடுகளின் அத்தாப்புக் கூரை, சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிழல் தந்தது. மெல்லிய பலகைச் சுவர்கள் வெப்பத்தைத் தேக்கி வைக்காமல் விரைவில் ஆறின. 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்டபோது, செங்கல் வீடுகளின் முன்னால் தொடர்ச்சியான கூரையுள்ள நடைபாதை அமைய வேண்டும் என ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் விதித்தார். நம்மவர் அஞ்சடி என்று அழைக்கும் அந்த நடைபாதை பின்னர் மலாயாவின் நகரங்களிலும் பரவியது. கடைவீட்டின் முன்சுவருக்கு அதுவே குடையாயிற்று. மாலை வெயிலுக்கு அதன் ஓரத்தில் மூங்கில் தட்டியும் தொங்கவிடப்பட்டது.

நிழல் தர முடியாத இடத்தில் கண்ணாடியே உதவ வேண்டும். சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. கண்ணாடியின்மீது வெள்ளி போன்ற உலோகத்தை மிக மெல்லிய படலமாகப் பூசினால், அது அக்கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெளிச்சத்தை மட்டும் போதுமான அளவு உள்ளே விடும். இத்தகைய உயர்திறன் கண்ணாடி விலை கூடியது. எனவே, சன்னலைத் தேவையான அளவுக்கு மட்டும் அமைப்பதும், நிழல் தருவதும் முதல் படி. கண்ணாடியைத் தேர்வு செய்வது அடுத்த படி.

சுவருக்கும் வழிகள் உண்டு. செங்கல்லும் கான்கிரீட்டும் பகலில் வெப்பத்தை உறிஞ்சி, சில மணி நேரம் கழித்து உள்ளே விடுகின்றன. இரவு எட்டு மணிக்குச் சுவர் சுடுவதன் காரணம் இதுதான். வெளிர் நிறச் சாயம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கற்கள் வெப்பத்தை எளிதில் கடத்தா. அசையாத காற்று நல்ல வெப்பக்காப்பு. தரைவீடுகளில் நண்பகல் வெயில் முழுவதையும் தாங்குவது கூரை என்பதால், கூரையின் அடியில் வெப்பக்காப்பு இடுவது பெரும்பயன் தரும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, செலவே இல்லாத ஒரு வழி உண்டு. அது திசையைத் தேர்ந்தெடுப்பது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் உச்சியை ஒட்டியே இருக்கும். எனவே, வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய தாழ்வாரமே போதும். கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வந்து நேராகத் தாக்கும். அங்குச் சன்னல்களைக் குறைக்க வேண்டும்.

புத்ராஜெயாவில் 2010ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட எரிசக்தி ஆணையத்தின் தலைமையகம் இந்தக் கணக்கைக் கண்முன் காட்டுகிறது. வைரக் கட்டடம் என அழைக்கப்படும் அது, தலைகீழாக நிற்கும் கூம்புக் கோபுரம் போன்றது. அதன் சுவர்கள் 25 டிகிரி வெளிப்புறம் சாய்ந்திருக்கின்றன. புத்ராஜெயாவில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 27 டிகிரிக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே, வடக்கு, தெற்குச் சுவர்கள் நண்பகலில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் தம் நிழலிலேயே நிற்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் வெயிலின் தாக்கம் குறைகிறது. உட்புற முற்றத்தின் வழியே பகல் வெளிச்சமும் கிடைக்கிறது. இவற்றோடு பிற ஏற்பாடுகளும் சேர்ந்து, வழக்கமான அலுவலகக் கட்டடம் ஒன்று செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதற்குப் போதுமானதாகிறது.

பெரிய குளிரூட்டப்பட்ட கட்டடங்களின் சுவர், சன்னல் வழியாக 1 சதுர மீட்டருக்குச் சராசரியாக 50 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக்கூடாது என எம்எஸ் 1525 என்னும் மலேசியத் தரநிலை வரையறுக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், நம்மில் பெரும்பாலோர் வாழ்வது அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும்தான். பழுதான குளிரூட்டியைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். தவறான திசையில் எழுந்த சுவரைத் தலைமுறைக்கும் மாற்ற முடியாது. வரைபடம் வரைந்தவர் அதற்குக் கட்டணம் செலுத்துவதில்லை. அங்கு வாழும் குடும்பமே மாதந்தோறும் செலுத்துகிறது.

இன்று மாலை உங்கள் வீட்டில் எந்தச் சன்னல் மேற்கைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அதன் வெளிப்புறத்தில் ஒரு தட்டியோ, கொடி படரும் பந்தலோ அமைக்க முடியுமா எனப் பெற்றோருடன் கலந்து பேசுங்கள். பிற்காலத்தில் உங்களுள் சிலர் வீடு கட்டுவீர்கள். சிலர் பிறருக்காக வரைபடம் வரைவீர்கள். அப்போது, முதல் கோட்டை வரையும் முன் சூரியன் வரும் வழியை அறிந்துகொள்ளுங்கள்.