கணினியும் புழுக்கமும்

2023 அக்டோபர் 14ஆம் நாள் சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் முடங்கின. கணினிக் கூடமொன்றின் குளிர்நீர் அமைப்பு பழுதுற்று, வெப்பம் மிகுந்ததே காரணம். சுமார் 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் தடைப்பட்டன. வங்கியின்வழி சம்பளம் பெறும் நமக்கு இஃது அயலார் செய்தியன்று.

கணினி இயங்கும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே, அதனுள் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருத்தல் நலம் என்பர் வல்லுநர். ஈரமும் அதற்குப் பகையே. மழைக்காலத்தில் சீட்டு ரப்பரில் பூசணம் பூப்பதைக் கண்டிருக்கிறோம். கணினியிலோ ஈரம் உலோக இணைப்புகளை அரித்துவிடும்.

குளிர்ச்சி நின்ற கூடத்தில் பழுதுபார்க்க நுழையும் ஊழியரையும் எண்ண வேண்டும். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. புழுக்கத்தில் பால் வெட்டுவோர்க்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. தலைசுற்றலோ குமட்டலோ தோன்றின், அவர் உடனே வெளியேறி, நிழலில் அமர்ந்து நீர் அருந்த வேண்டும்.