தாலி கட்டியாச்சு, மேளம் எங்கே?

பழவேற்காட்டில் பழைய கல்யாணக் கேசட்டுக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். பீரோவில் பூட்டி வைத்தாலும் ஈரம் விடாது. பல வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். மீன்பாடு இல்லாத நாளாகப் பார்த்து, அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். "தம்பி, இத டிவிடில ஏத்திக் குடு."

ஏற்றுவது பெரிய வேலையில்லை. படத்தோடு சத்தத்தை ஒட்டவைப்பதுதான், அதாவது சிங்க் செய்வதுதான் வேலை. கோட்டைக்குப்பத்து அக்கா ஒருவர், வேறெங்கோ கொடுத்து மாற்றிய டிவிடியைப் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், அட்சதை விழுகிறது, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் கெட்டிமேளம் கொட்டுகிறது. "மேளம் இல்லாம தாலி கட்டுனா மாதிரில்ல இருக்குது தம்பி!" என்று அவரே சிரித்துவிட்டார்.

இந்த மாதிரி வந்தால் உடனே சத்தத்தை இழுத்து நகர்த்தக் கூடாது. முதலில் ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். பேசுகிற வாயைப் பார்த்துக் கணக்குப் போட்டால் குழம்பும். அடி விழுவது கண்ணுக்குத் தெரிகிற, சட்டென்று கேட்கிற சத்தமாகத் தேடுங்கள். தவிலில் விழும் கோல், தேங்காய் உடைப்பது, மாதா கோயில் பூசையில் பலிபீடத்தடியில் பையன் அடிக்கும் மணி, எல்லாம் நல்ல அடையாளம். மூன்று இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருக்கிறதா, போகப்போகக் கூடுகிறதா, நடுவில் ஓர் இடத்தில் திடீரென்று தாவுகிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எவ்வளவு தள்ளினால் கண்ணுக்குத் தெரியும்? நம் ஊர் டிவிடியில் வினாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். சத்தம் படத்துக்கு முன்னால் வந்தால் ஏறத்தாழ 45 மில்லிசெகண்டிலேயே ஆள் கண்டுபிடித்துவிடுவார் என்றும், பின்னால் வந்தால் 125 வரைக்கும் கவனிக்க மாட்டார் என்றும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் இருக்கிறது. காரணம் லேசானது. வெளிச்சம் முந்தும், சத்தம் பிந்தும். அதற்குப் பழகியவர்கள்தான் நாம் எல்லோரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2023 ஜூலை 14, பிற்பகல் 2.35க்கு சந்திரயான்-3 கிளம்பியதை லைட்ஹவுஸ் பக்கம் நின்று செல்லில் எடுத்த பையன் ஒருவன், "அண்ணே, சத்தம் ரொம்ப லேட்டா வருது, சரி பண்ணுங்க" என்று வந்தான். ஏவுதளம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். சத்தம் வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் ஓடும். ராக்கெட் மேகத்துக்குள் மறைந்து ஒன்றரை நிமிஷம் கழித்து உறுமல் வந்தால், அதுதான் சரியான சிங்க். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு மனசே இல்லை.

சிங்க் தவறும் மூன்று விதத்தில் சுலபமானது, முழுக்க ஒரே அளவு தள்ளியிருப்பது. டைம்லைனில் சத்தத்தை அத்தனை ஃப்ரேம் நகர்த்தினால் தீர்ந்தது.

போகப்போகக் கூடுவதுதான் ஆளைச் சுற்றவிடும். ஆரம்பத்தில் கச்சிதமாக இருக்கும், பந்தி போடும்போது மூன்று வினாடி தள்ளிப் போயிருக்கும். நாடாவிலிருந்து படத்தைக் கேப்சர் கார்டும், சத்தத்தைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டும் தனித்தனியாக வாங்கினால், இரண்டுக்கும் உள்ளே வேறு வேறு கடிகாரம். ஒன்றாகக் கரையை விட்ட இரண்டு படகில் ஒரு எஞ்சின் துளி வேகமாக ஓடினால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். படம் 3600 வினாடி, சத்தம் 3603 வினாடி என்றால், சத்தத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கினால் போதும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் இதைச் செய்யலாம், நாகஸ்வரத்தின் சுருதி மாறியது யார் காதுக்கும் தெரியாது. வெறுமனே நகர்த்தினால் கடைசி மட்டும் சரியாகும், ஆரம்பம் கெடும்.

செல்போன் வீடியோவிலும் இதே தொல்லை வருகிறது. வெளிச்சம் குறைந்தால் போன் தானாக ஃப்ரேம் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் சிலது அதைக் கவனிக்காது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு ஒரே சீரான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகே எடிட்டுக்கு எடுங்கள். பின்னணிக்குச் சினிமாப் பாட்டுச் சேர்ப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சிடியின் சத்தம் 44,100 ஹெர்ட்ஸ், டிவிடிக்கு வேண்டியது 48,000. முறையாக மாற்றாமல் அப்படியே ஏற்றினால் மூன்று நிமிஷப் பாட்டு இரண்டே முக்கால் நிமிஷத்தில் கீச்சுக்குரலில் முடிந்துவிடும்.

அக்காவின் டிவிடி மூன்றாவது ரகம். நலங்கு வரை ஒட்டியே வந்தது, ஓர் இடத்தில் படம் கிழிந்து ஆடியது, அங்கிருந்து சத்தம் பிந்திவிட்டது. எல்லாம் பூஞ்சையின் வேலை. நாடாவில் சிக்னல் அறுந்த இடத்தில் கேப்சர் கார்டு ஃப்ரேமை நழுவவிடும். சத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 25 ஃப்ரேம் போனால் ஒரு வினாடி போச்சு. இதற்குச் சத்தத்தைச் சுருக்குவது வைத்தியமில்லை. நாடாவைக் காயவைத்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்துத் துடைத்துச் சுற்றி, மறுபடி கேப்சர் செய்ய வேண்டும். பூஞ்சையோடு விசிஆரில் சொருகினால் ஹெட்டும் போகும், அடுத்த வீட்டுக் கேசட்டுக்கும் ஒட்டும். நடுவில் டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் ஆட்டம் அடங்கும். விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள், நழுவிய ஃப்ரேம் எத்தனை என்று ஓடும்போதே காட்டும். அந்த எண் ஏறினால் நிறுத்திவிடுவேன். அப்படியும் தாவினால், தாவிய இடத்தில் வெட்டி, அதற்குப் பிந்தைய துண்டை மட்டும் நகர்த்துவேன்.

டிவிடி எழுதியதும் நான் போட்டுப் பார்ப்பது கடைசிப் பத்து நிமிஷத்தைத்தான். அதற்கு மேலும் சிங்க் இல்லை என்று யாராவது திரும்ப வந்தால், வீட்டில் எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்பேன். புது எல்இடி டிவி படத்தைத் துலக்கிக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். டிவிடி பிளேயரிலிருந்து ஹோம் தியேட்டருக்கு நேரே போகும் சத்தம் முந்திக்கொள்ளும். ஹோம் தியேட்டரின் மெனுவில் ஆடியோ டிலே என்று இருக்கும். தவில் காட்சியைப் போட்டுக்கொண்டு, கோலும் சத்தமும் சேரும்வரை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். டிவிடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வர வேண்டியதில்லை.