நண்பகலில் வரும் பகை



பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்வோர்க்கு நாள்தோறும் ஒரு நாழிகை உண்டு. காலையில் வேலைக்குப் புறப்படும் பரபரப்பில் அது வருவதில்லை. இரவின் அசதியிலும் வருவதில்லை. நண்பகலில், செய்யவேண்டிய வேலை மேசைமேல் அப்படியே கிடக்க, மனம் மட்டும் எழுந்து வெளியே போய்விடும். இங்கே நமக்கென்று யார் இருக்கிறார்கள், இத்தனை ஆண்டுகளும் வீண்தானே, ஊரிலேயே இருந்திருந்தால் என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று ஓர் எண்ணம் பேசத் தொடங்கும். அது நம்முடைய குரலிலேயே பேசுவதால் அதனை ஐயுறவும் நமக்குத் தோன்றுவதில்லை.

இந்த நாழிகையைப் பற்றி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிறிஸ்தவத் துறவி நுட்பமாக எழுதிவைத்தார். அவர் பெயர் எவாக்ரியுஸ். கருங்கடலின் தென்கரையிலுள்ள போந்துஸ் நாட்டில் பிறந்தவர். கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் திருத்தொண்டராகப் பணியாற்றிச் சொல்வன்மையால் புகழ் பெற்றார். அங்கே மணமான ஒரு பெண்ணின்மேல் அவர் மனம் சென்றது. அஞ்சி நகரைவிட்டு நீங்கினார். எருசலேமில் நோயுற்றுக் கிடந்து, பின்னர் எகிப்தின் பாலைவனத்தை அடைந்து, 399-ஆம் ஆண்டில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். பிழைப்புக்கு அவர் செய்த தொழில் ஏடு பெயர்த்தெழுதுவது. எழுத்துப் பணியால் வயிறு வளர்க்கும் நம் போன்றோர்க்கு இச்செய்தி தனியே ஓர் உறவை உண்டாக்குகிறது.

பாலைவனத்திற் சென்றால் எண்ணங்களின் தொல்லை ஒழியும் என்று பலரும் நினைக்கக்கூடும். நேர்மாறாக, வேறு துணை ஏதுமில்லாத இடத்தில் எண்ணங்களே துணையாகிவிடுகின்றன. எவாக்ரியுஸ் அவற்றை உற்று நோக்கி எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், அகேடியா, வீண்புகழ், செருக்கு. இவ்வரிசையை யோவான் கசியான் என்பவர் இலத்தீன் உலகுக்குக் கொண்டு சென்றார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசர் கிரகோரியார் அதனை மாற்றியமைத்தார். பின்வந்தோர் ஏழு தலையான பாவங்கள் என்று கற்றது அதிலிருந்து வந்ததே. ஆயினும் எவாக்ரியுஸ் கூறியவை பாவங்கள் அல்ல, எண்ணங்கள். இந்த வேறுபாடு பெரிது. எண்ணம் வந்து கதவைத் தட்டுவது நம் கையில் இல்லை; அதனை உள்ளே அழைத்து உட்காரவைப்பதும் வைக்காததுமே நம் கையில் உள்ளது என்பது அவர் கருத்து. கெட்ட நினைவு ஒன்று தோன்றியதற்காகவே தம்மைத் தாமே வெறுக்கும் நல்லவர்கள் பலர் இதனை அறிந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி பெற்றிருப்பர்.

அகேடியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் எளிதிற் கிடைப்பதாயில்லை. அக்கறையின்மை என்பது அதன் வேர்ப்பொருள். வள்ளுவர் அதிகாரம் வகுத்த 'மடி' ஓரளவு பொருந்தும்; ஆனால் அகேடியாவில் சோம்பலோடு ஓயாத அலைவும் உண்டு. காலை பத்து மணியளவில் அது துறவியை அணுகுகிறது. பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் அவருக்கு ஒருவேளை உணவு. ஆகவே வெயிலும் பசியும் ஒருங்கே வருத்தும் வேளை அது. கதிரவன் நகரவே மறுப்பதுபோல் தோன்றும். சாளரத்தை எட்டிப் பார்ப்பார். யாரேனும் வருகிறார்களா என்று தேடுவார். பிறகு இடத்தின்மேல் வெறுப்பு, கைத்தொழிலின்மேல் வெறுப்பு. இங்குள்ளோரிடம் அன்பு அற்றுப்போயிற்று என்னும் நினைவு. பெற்றோரும் பழைய வாழ்வும் கண்முன் வரும். வேறோர் இடம் சென்றால் தேவைகளும் எளிதிற் கிட்டும், இறைவனை எங்கிருந்தும் வழிபடலாமே என்று அந்த எண்ணம் பக்தியின் வேடமும் பூண்டு பேசும். பொருளாசையை விவரிக்கும்போதும் அப்படியே: நீண்ட முதுமை, உழைக்க மாட்டாத கைகள், நோய், பிறரிடம் கையேந்தும் நாணம் ஆகியவற்றை அது காட்டி அச்சுறுத்தும் என்கிறார். அயல் மாநிலத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இதனைப் படிப்பவர் தம் வீட்டுச் செய்தியையே படிப்பதாக உணர்வார்.

இதற்கு நண்பகற் பேய் என்றும் ஒரு பெயருண்டு. பெயர் வந்த வழி வேடிக்கையானது. தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தின் எபிரேய மூலத்தில் உள்ளது நண்பகலில் வரும் கேடு. அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பேய் ஆக்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பில் நேர்ந்த அந்த மாற்றத்தால் துறவிகளின் அன்றாடத் துன்பத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது!

இனி மருந்துக்கு வருவோம். இயேசு பாலைவனத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தபின் சோதிக்கப்பட்டார் என்பதைச் சுவிசேஷங்கள் கூறுகின்றன. மூன்று சோதனைகளுக்கும் அவர் தந்த மூன்று மறுமொழிகளும் உபாகமம் என்னும் ஒரே நூலிலிருந்து எடுத்தவை. நீண்ட வாதம் ஏதும் செய்யவில்லை. இதனையே எவாக்ரியுஸ் மாதிரியாகக் கொண்டு ஒரு நூல் தொகுத்தார். இன்ன எண்ணம் வந்தால் இன்ன வேதவசனத்தால் மறுமொழி கூறுக என்று எட்டுப் பகுதிகளில் 500-க்குச் சற்றுக் குறைவான குறிப்புகள் அதில் உள்ளன. ஆறாம் பகுதி முழுவதும் அகேடியாவுக்கு உரியது. எண்ணத்தோடு தர்க்கம் செய்யத் தொடங்கினால் அது நம்மைவிட நன்றாகத் தர்க்கம் செய்யும். சுருக்கமாக மறுமொழி சொல்லிவிட்டுக் கைவேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. வசனத்தை மந்திரம்போல் உருப்போடுவதை நாம் இங்கே சொல்லவில்லை. அச்சோதனையில் சாத்தானும் ஒரு சங்கீதத்தை எடுத்துக்காட்டினான் அல்லவா? சொற்களுக்குப் பின்னால் நிற்பவர்மேல் உள்ள நம்பிக்கையே காவல்.

காவல் என்றோம். பவுல் அடிகள் காவலில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில், இறைவனின் சமாதானம் உள்ளத்தைக் காக்கும் என்பதற்கு ஆண்ட கிரேக்கச் சொல், நகரைக் காக்கும் படைவீரர்க்கு வழங்குவது. பிலிப்பி ஓய்வுபெற்ற உரோமப் போர்வீரர் குடியேறிய ஊர். அச்சொல்லின் பொருள் அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். அடுத்து, மனம் எவற்றைச் சிந்திக்கவேண்டும் என்று பட்டியல் தரும் பவுல், முதலில் வைப்பது உண்மையை. எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வது காவலாகாது.

எவாக்ரியுஸும் துயரத்தை மறைக்கச் சொல்லவில்லை. அகேடியா வரும்போது உள்ளத்தை இரண்டாகப் பகுத்து, அழும் பாதியை மற்றப் பாதி தேற்றட்டும் என்கிறார். அதற்கு அவர் காட்டுவது நாற்பத்திரண்டாம் சங்கீதம். தேவாலயத்திலிருந்து தொலைவில் தவிக்கும் ஒருவன், கூட்டத்தோடு திருவிழாவுக்குச் சென்ற நாளை நினைத்துக் கண்ணீர் விட்டுத் தன் ஆன்மாவையே வினவும் பாடல் அது. ஊர்க்கோயில் திருநாளுக்குச் செல்ல விடுப்புக் கிட்டாதவர் அதனைத் தமிழில், வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். கற்ற மொழியில் படிப்பதற்கும் தாய்மொழியில் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரியும்.

ஒன்றில் மட்டும் நாம் அத்துறவியோடு முழுதும் உடன்படுவதற்கில்லை. அறையைவிட்டு அகலாதே என்பது அவர் கட்டளை. இல்லறத்தார்க்கு ஊர் திரும்புவதே சிலபோது கடமையாகலாம். முதிய தாயின் உடல்நிலை வெறும் எண்ணமன்று. இவ்விடத்தில் 1521-இல் பம்ப்லோனாவில் காயமுற்றுப் பின் துறவியான லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி உதவுகிறது: வறட்சியான வேளையில் முன்பு தெளிந்து எடுத்த முடிவை மாற்றாதே. ஊர் திரும்புவதை நண்பகலில் தீர்மானிக்காமல், மனம் அமைந்த ஒரு நாளில் மனைவி மக்களோடு இருந்து தீர்மானிக்கலாம்.

மேலும், உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்னும் நினைவு வருமாயின் அது மருத்துவரிடம் சொல்லவேண்டிய நோய். காய்ச்சலுக்கு மருந்துண்பவர் விசுவாசம் குறைந்தவர் ஆகாதது போலவே இதுவும். இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எம்மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.