மனவரைபடம்

விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டி, பட்டாசுத் தொழில் நடைபெறும் ஊர்களுள் ஒன்று. காகிதக் குழல் உருட்டல், மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், திரி வைத்தல், வெயிலில் உலர்த்தல், பெட்டியில் அடைத்தல் என அத்தொழிலின் பணிகள் பலவாம். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் பட்டியல் கிடைக்கும். எப்பணி எதற்குக் காத்திருக்கின்றது என்பது அதனிற் புலப்படாது.

நோக்கத்தை நடுவே எழுதி, பணிகளைச் சுற்றிலும் கிளைகளாக விரித்து வரைவது மனவரைபடம். ஆங்கிலேயரான டோனி புசான் இதனை 1974-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வாயிலாகப் பரப்பினார். தாளில் வரைந்ததைத் திருத்துதல் அரிது. கணினியிலோ, ஃப்ரீபிளேன் போன்ற இலவச மென்பொருள்களால் கிளையை மடக்கலாம், இடம் பெயர்க்கலாம், தேதியும் குறிக்கலாம்.

ஆயினும், எது எதனுள் அடங்கும் என்பதையே கிளை காட்டும். எது முன், எது பின் என்பதைக் காட்டாது. அதற்கு அம்புக்குறி இடுதல் வேண்டும். உலர்த்தலிலிருந்து அடைத்தலுக்கு அம்பு இட்டிருப்பின், இரண்டு நாள் மழை பெய்தவுடனே, பெட்டிகள் அனுப்பும் நாளும் தள்ளிப்போகும் என்பதை மேற்பார்வையாளர் உணர்வார். தேதியை மாற்றுவார், ஆட்களைக் கூரையின்கீழ்க் குழல் உருட்ட அனுப்புவார். இதனைக் காணாதவரோ, இழந்த நாளை ஈடுசெய்யக் கருதி, ஒரே வேளையில் மிகுதியான மருந்தைக் கலக்கச் சொல்லிவிடுவார். அம்மருந்து தீப்பற்றச் சிறிது உராய்வே போதும்.